மெல்லிய கோடு ஏழு

என் அலுவலகச் சுவரில் மூன்று வருடம் ஒரு கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டே பேர் உட்கார்ந்து வேலை செய்கிற அறைக்கு அது ஒன்றுதான் பெருமை. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன். “ஐயா, என் கண்ணில் தெரிந்த கோடு இப்போது தெரியவில்லை. சரிசெய்தவர்களுக்கு நன்றி. இப்படிக்கு, பா. முத்துராக்கு, தொட்டி ஆபரேட்டர், கீழவலசை.” படித்துவிட்டு வந்தவர்கள் என்னை நிமிர்ந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்காகவே அவர்களுக்குக் காபியும் பப்ஸும் வாங்கிக் கொடுப்பேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

முறையாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பொற்கொடி. ‘சித்திரம்’ என்கிற வரைகலை லைப்ரரியைப் பதினோரு வருடமாகப் பராமரிக்கிறேன். திரையில் படம் வரைய வேண்டிய மென்பொருள் எதுவானாலும் எங்களைக் கூப்பிடலாம். கோடு போடு, வட்டம் போடு, நிழல் போடு என்று சொன்னால் போட்டுக் கொடுப்போம். பாலங்களைப் படம் எடுக்கும் ட்ரோன்களின் திரைகளிலும் நாங்கள்தான். பார்வையில்லாதவர்களுக்கு அரசு பொருத்தித் தரும் இலவசக் கண்களிலும் நாங்கள்தான். அந்தக் கண்ணில் ஒரு கேமரா இருக்கும், காதுக்குப் பின்னால் ஒரு சிப் இருக்கும். கேமரா பார்த்ததைச் சிப் வரைந்து மூளைக்கு அனுப்பும்.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு பாஷை. நாங்கள் சொல்வதை அந்தந்தப் பாஷையில் மாற்றிச் சொல்லும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். பதினான்கு கம்பெனி, பதினான்கு டிரைவர். சிவப்பு என்று சொன்னால் ஒன்று சிவப்பு போடும், இன்னொன்று செங்கல் நிறம் போடும். எல்லாம் ஒரே மாதிரி வரைகின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. நாலாயிரத்துச் சொச்சம் டெஸ்ட் படங்கள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு டிரைவரும் அவற்றை வரைய வேண்டும். வரைந்ததை எங்களிடம் இருக்கும் மாதிரிப் படத்தோடு கணினி ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு.

அந்த மாதிரிப் படத்துக்கு எங்கள் தொழிலில் தங்கப்படம் என்று பெயர். அது எங்கிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. இருப்பதிலேயே விலை கூடிய வரைகலைக் கார்டில் ஒருமுறை வரையச் சொல்வோம். வந்ததை ஒரு மனிதர் பார்த்து, சரி என்று ஒரு பொத்தானை அழுத்துவார். அன்றிலிருந்து அது தங்கம். பார்த்து, என்றேனே, அந்த இடத்தில்தான் வினை.

போன செவ்வாய்க்கிழமை ஜெரால்டு ஒரு புது சிப்பை டெஸ்ட் செய்துகொண்டிருந்தான். தூத்துக்குடிப் பையன், என்னோடு ஆறு வருடமாக இருக்கிறான். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஜீவன். ஒரு டெஸ்ட் மட்டும் சிவப்பு. பெயர் ‘மெல்லிய கோடு 7’. புது டிரைவரில் ஏதோ குறை, விதிவிலக்குப் பட்டியலில் போட்டுத் தள்ளு என்றேன். பட்டியலில் போட்டுவிட்டால் சிவப்பு மறைந்துவிடும். எங்கள் தொழிலில் அது பாயைத் தூக்கிக் குப்பையை அடியில் தள்ளுவது மாதிரி; எல்லோரும் செய்வோம்.

அவன் அதைப் பட்டியலில் போடவில்லை. “எக்கா, இந்தத் தங்கப்படத்தக் கொஞ்சம் பாருங்க” என்றான்.

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். அவ்வளவுதான்.

“கோடு எங்கக்கா?”

டெஸ்டின் பெயர் மெல்லிய கோடு. அதன் நிரலைத் திறந்தால் எடுத்த எடுப்பிலேயே ‘கோடு வரை’ என்று இருக்கிறது. எழுதியவள் நான். தங்கப்படத்தில் கோடு இல்லை. புது சிப் வரைந்த படத்தில் முடி ஒட்டினாற்போல ஒரு கோடு இருந்தது. யார் இதைத் தங்கம் என்று ஒத்துக்கொண்டது என்று பழைய பதிவுகளைத் தோண்டினேன். எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், முந்நூற்று நாற்பது படங்களுக்கு இருபது நிமிடத்தில் சரி சரி என்று அழுத்தியிருக்கிறது ஒரு கை. என் கை. அன்று தட்டில் என்ன சாப்பாடு இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. ஒரு படமும் நினைவில்லை.

காரணம் சிக்கவே அரை மணி நேரம் ஆனது. படம் நடுங்காமல் வழவழப்பாகத் தெரிய நாங்கள் ஒரு வித்தை வைத்திருந்தோம். அதில் கணக்குப் பிழை. ஓர் அளவுக்குக் கீழே மெலிந்த கோடு எதுவானாலும் பக்கத்து நிறத்தோடு கரைந்துவிடும். விலை கூடிய கார்டுகள் அந்த வித்தையை நாங்கள் சொன்னபடி அச்சுப் பிசகாமல் செய்து, கோட்டை அழித்துவிட்டுப் பச்சை வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன. அந்த வித்தையை இன்னும் கற்றுக்கொள்ளாத புது சிப்தான் மாட்டிக்கொண்டது.

“எட்டு வருசத்துல ஒரு டிரைவர்கூடவா இதுல தவறல?” என்று ஜெரால்டு கேட்டான்.

தேடினோம். ஒன்று தவறியிருந்தது. இலவசக் கண்ணின் சிப். இருப்பதிலேயே மலிவானது. அதற்கு அந்த வழவழப்பு வித்தை செய்யத் தெம்பு கிடையாது. அதனால் உள்ளதை உள்ளபடி வரைந்திருக்கிறது. அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருத்தி அதற்கென்று தனியாக நாற்பது வரி எழுதி, மெல்லிய கோடுகளை அழிக்கச் சொல்லி, ஒன்றரை லட்சம் கண்களுக்கு அப்டேட் அனுப்பியிருக்கிறாள். அந்த ஒருத்தி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாற்பது வரியின் தலையில் ஒரு புகார் எண் இருந்தது. புகாரைத் திறந்தேன். கீழவலசை முத்துராக்கு அம்மாள் எழுதி, கண் திட்ட அலுவலகம் எங்களுக்கு அனுப்பியது.

“என் புதுக் கண்ணில், தண்ணீர்த் தொட்டியின் மூன்றாம் காலில் மேலே ஒரு கோடு தெரிகிறது. இன்ஜினியர் ட்ரோன் விட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார். என் கண் தப்பா, தொட்டி தப்பா என்று தயவுசெய்து சொல்லவும். கீழே அங்கன்வாடி நடக்கிறது. கூப்பிட்டால் பேசுவேன்.” அதற்குக் கீழே ஒரு கைபேசி எண். அதற்கும் கீழே என் பதில்: “டிரைவர் கோளாறு. சரிசெய்யப்பட்டது.”

இன்ஜினியரின் திரையை வரைந்ததும் சித்திரம்தான். அவர் திரையில் கோடு கரைந்துவிட்டது, அந்த அம்மாள் கண்ணில் கரையவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது என்னவோ அந்த அம்மாள் கண்ணையும் சேர்த்து அவித்ததுதான். நிமிர்ந்தால் எதிரே சுவரில் நன்றிக் கடிதம். ஜெரால்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன்தான் முதலில் பேசினான். பிழையை இன்றைக்கே திருத்தி, வழக்கமான அப்டேட்டோடு சேர்த்துச் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்றான். வெளியே சொன்னால் ஒன்றரை லட்சம் பேருக்குத் தங்கள் கண் மேலேயே சந்தேகம் வந்துவிடும், இத்தனை வருடம் நம் திரையை வைத்துச் சான்றிதழ் கொடுத்த பாலம், அணை எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொல்வார்கள், நம்மை யாரும் சீந்த மாட்டார்கள் என்றான். அவன் கெட்டவன் இல்லை. மற்ற நாளாக இருந்தால் அதே யோசனையை நானே அவனுக்கு முன்னால் சொல்லியிருப்பேன்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா?” என்றேன்.

“இத்தன வருசம் மறைஞ்சுதானக்கா இருந்துச்சு” என்றான்.

புகாரில் இருந்த அந்த எண்ணைக் கூப்பிட்டேன். மூன்று வருடம் தாமதமாக. ஒரு பெண் குரல் எடுத்தது. நான் இன்னார், உங்கள் கண் விஷயமாக, என்று ஆரம்பித்தேன்.

“கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வியாழக்கிழமை கிராம சபையில என்னைய வேலைய விட்டு எடுக்கப் போறாக. அது முடியட்டும், அப்புறம் பேசுங்க” என்று வைத்துவிட்டார்.

சட்டத்தோடு அந்தக் கடிதத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு புதன்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். பரமக்குடியில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். வழியெல்லாம் மனசு ஒரே கணக்கைப் போட்டது. மெல்லிய கோடு என்றால் தொட்டிக் காலில் மட்டுமா இருக்கிறது? மீன் முள் இருக்கிறது. சோற்றில் முடி இருக்கிறது. கொதிக்கிற டீ ஊற்றும் கிளாஸில் கீறல் இருக்கிறது. ஒன்றரை லட்சம் பேர் முள் குத்திய பிறகு, கிளாஸ் கையில் உடைந்த பிறகு, தங்களையே திட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கீழவலசையில் தொட்டியைத் தேட வேண்டியதே இல்லை. ஊருக்கு நடுவில் ஆறு கால்களில் நிற்கிறது. அடியில் மஞ்சள் சுவர் அங்கன்வாடி. உள்ளே பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிரே பஞ்சாயத்து ஹால். நான் போனபோது சபை ஆரம்பித்திருந்தது.

முத்துராக்குவை நான் மெலிந்த, நொந்த உருவமாகக் கற்பனை செய்திருந்தேன். ஆள் நல்ல உயரம், ஐம்பது வயதிருக்கும், முழங்கை வரை வால்வு கிரீஸ். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குற்றச்சாட்டு இதுதான்: மூன்று வருடமாக அந்த அம்மாள் தொட்டியை முழுதாக நிரப்புவதே இல்லை. பாதியில் மோட்டாரை நிறுத்திவிடுகிறார். பாதித் தொட்டிக்கு அழுத்தம் போதாது, மேலத்தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. எத்தனை முறை கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை. சோம்பேறித்தனம், திமிர். மேலத்தெருவிலிருந்து நூற்றுப்பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட மனு தலைவரின் மேஜையில் இருந்தது.

பின்னால் யாரோ, கோட்டுக்கண்ணிக்குக் கண்ணை மாத்தினாக, புத்தியை யாரு மாத்துறது என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் அது என்ன பெயர் என்று விசாரித்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் தொட்டியில் கோடு தெரிகிறது என்று ஊரையே கலக்கினாராம். பிறகு கண்ணைச் சரிசெய்ததும், இதே ஹாலில் எழுந்து நின்று, என் கண்தான் கோளாறு, மன்னிச்சுக்கங்க என்று கைகூப்பினாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்தேன். யார் நீங்கள் என்று தலைவர் கேட்டார். சொன்னேன். அந்தக் கண்ணில் வரைகிற லைப்ரரியைப் பார்த்துக்கொள்பவள், இன்ஜினியர் திரையில் வரைவதும் அதுதான், கோளாறு இந்த அம்மாள் கண்ணில் இல்லை, எங்களிடம் இருந்தது, கோடு இருந்தது நிஜம், அதை அழித்தது நான். கோர்வையாகப் பேசுகிறவள் நான். அன்று துண்டு துண்டாகத்தான் வந்தது.

அன்று ட்ரோன் விட்டுப் பார்த்த இன்ஜினியர் கதிரவேலும் ஹாலில் இருந்தார், நல்ல மனிதர். கோபப்படவில்லை. “அஞ்சு தடவை பாத்திருக்கேன் மேடம். சுத்தமான கான்கிரீட்” என்றார். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த ட்ரோன் படம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினேன். அதை முதலில் அவர் கருவியிலேயே ஹால் சுவரில் போட்டுக் காட்டினேன். மூன்றாம் கால், வழுவழுவென்று சாம்பல் நிறம். பிறகு அதே படத்தை, எங்கள் வித்தையை நிறுத்திவிட்டு, என் லேப்டாப்பிலிருந்து போட்டேன்.

உச்சியில், சாய்வாக, ஒரு முடி கிடந்த மாதிரி தெரிந்தது. கதிரவேல் சுவர் அருகில் போய், அது சுவரில் இருக்கிற அழுக்கோ என்று கையால் துடைத்துப் பார்த்தார். கை மேலும் அந்தக் கோடு விழுந்தது. அவர் நேராக வெளியே போய் ட்ரோனைக் கிளப்பினார். அன்றைய படத்தையும் போட்டோம். ஒன்று மூன்றாகப் பிரிந்து, உத்திரம் வரை ஓடியிருந்தது. மூன்றும் இன்னும் முடி கனம்தான். கீழேயிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியாது.

கதிரவேல் தாளில் ஏதோ கணக்குப் போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். “இது முழுக் கொள்ளளவைத் தாங்காது. ஆனா மூணு வருசமா நிக்குது. எப்படின்னுதான் புரியலை” என்றார்.

அப்போதுதான் முத்துராக்கு வாயைத் திறந்தார். “நெறச்சாத்தான விழும்?”

யாருக்கும் உடனே புரியவில்லை. எனக்கும்தான். தலைவர் கேட்டார், கோடு தெரியலைன்னு நீதானேம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தே?

“தெரியலைன்னுதான் சொன்னேன். இல்லைன்னு சொன்னேனா? கண்ண மாத்திப்புட்டா முன்ன பாத்தது பொய்யாயிருமா? சொன்னா நம்ப மாட்டீக. நம்பலைன்னா வேற ஆளப் போட்டு நெறப்பிருவீக. அதான் பேசல.”

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இந்த அம்மாள் அம்பலம் ஏறவே பார்க்கவில்லை. மூன்று வருடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டு, பாதியில் மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். கண்ணில் ஒன்றும் தெரியாமல், பார்த்த ஞாபகத்தை மட்டும் நம்பி.

தலைவர் அங்கன்வாடியை உடனே காலி செய்யச் சொன்னார். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட முடிவானது. மனு கொண்டுவந்த மேலத்தெருப் பெண் எழுந்து, “அப்ப எங்களுக்குத் தண்ணி எப்பத்தான் வரும்?” என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். மனுவைத் தலைவர் மடித்து வைத்தார். முத்துராக்குவிடம் மன்னிப்புக் கேட்க ஒருவர்கூட எழவில்லை. எல்லோரும் பிள்ளைகளை அழைத்து வரப் போய்விட்டார்கள்.

பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. “எழுத்துக்குக் கீழ எம் நம்பரு போட்டிருந்தேனே” என்றார்.

“ஆமாங்க.”

“ஏன் கூப்பிடல?”

சொல்வதற்கு ஆயிரம் காரணம் பையில் வைத்திருந்தேன். வேலை நெருக்கடி, பதினான்கு டிரைவர், இரண்டே ஆட்கள். அவற்றை விட்டுவிட்டேன். “இலவசக் கண்ணுதானேன்னு நினைச்சுட்டேனுங்க” என்றேன். அதுதான் உண்மை. தவறியது விலை கூடிய கார்டாக இருந்திருந்தால் அன்றைக்கே தங்கப்படத்தைத் திறந்து பார்த்திருப்பேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத நான் எழுதல. ஆபீஸ்ல எழுதி வச்சிருந்தாக, கையெழுத்து மட்டும் போட்டேன். கண்ணாடி நல்லாருக்கு” என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

அவர் கண்ணுக்கான திருத்தத்தை முதலில் அவருக்கே போட வேண்டும் என்று கொண்டுவந்திருந்தேன். சம்மதமா என்று கேட்டேன். இந்தத் தடவையாவது கேக்குறீகளே என்றார். காதுக்குப் பின்னால் சிப்போடு லேப்டாப்பை இணைத்து ஏற்றினேன், ஐந்து நிமிடம். சரியாக வரைகிறதா என்று பார்க்க ‘மெல்லிய கோடு 7’ படத்தையே நேராக அவர் கண்ணுக்கு அனுப்பினேன். என் திரையிலும் அதே படம். சாம்பல் சதுரத்தில் ஒற்றைக் கோடு. இனிமேல் தங்கப்படத்தை அந்தக் கண்களால் பார்க்கிற மனிதர்களைக் கேட்டுத்தான் ஒத்துக்கொள்வது என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்திருந்தேன். முதல் ஆள் இவர்தான் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

“கோடு தெரியுதுங்களா?”

“தெரியுது. ரெண்டு.”

“இல்லீங்க, ஒண்ணுதான்” என்றேன்.

அவர் என்னிடம் வாதாடவில்லை. ஒயரைத் தானே கழற்றினார். சுவரோரம் சாத்தியிருந்த நீளமான வால்வுச் சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்தக் கணம் எனக்கு உறைத்தது. நிரலைத் திறந்தேன். முதல் வரியில் ஒரு கோடு. கீழே இறங்கிக்கொண்டே போனேன். பதினெட்டாவது வரியில் இன்னொரு கோடு, முதல் கோட்டில் பாதி கனம். எழுதியவர் பெயர் பொற்கொடி. திரையைப் பார்த்த என் நாற்பத்தைந்து வயது வெறும் கண்ணுக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, ஊர் முன்னால் ஒத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகும், அந்த அம்மாளிடம் என் வாய் முதலில் சொன்ன வார்த்தை ‘இல்லை’ என்பதுதான்.

லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தொட்டிக்கு அடியில் குழிக்குள் இறங்கி, அவர் சாவியை வால்வில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“ரெண்டுதானுங்க. நீங்க சொன்னதுதான் சரி.”

அவர் நிமிரவில்லை. “சரி, இந்தப் பக்கம் வந்து பிடிங்க. இது ஒத்த ஆளா திருப்ப முடியாது” என்றார்.

குழிக்குள் இறங்கிப் பிடித்தேன்.